தேதி, பெயர், காரணம்

ஒன்பதாவது முறையாக அவன் அந்த சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான்.

விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. லேப் முழுக்க இன்டர்நெட் வந்தது.

ஒன்பதாவது முறையாக அவனுக்கு வயிறு எரிந்தது.

"மச்சான், லூடோ நின்னு நின்னு போகுதுடா. எவனோ என் காயை வெட்டிட்டான். என்னதான் பண்ற?" மூலையில் உட்கார்ந்திருந்த ஜெரால்டு கேட்டான்.

"டெஸ்டிங்."

"நான் சரிபண்ணதையா? பண்ணு, பண்ணு. கல்லு மாதிரி நிக்கும்."

நின்றது. அதுதான் பிரச்சினை.

அந்த சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று வெளியிலிருந்து இன்டர்நெட்டை வாங்கும். இன்னொன்று லேபில் உள்ள முப்பது கணினிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். சர்வரை இயக்கும் லினக்ஸ் கண் விழிக்கும்போது எந்தக் கார்டு முதலில் தென்படுகிறதோ, அதற்கு முதல் பெயர். மற்றதற்கு இரண்டாம் பெயர்.

இரண்டும் தினமும் ஒரே வரிசையில் தென்படுவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு லேப் அசிஸ்டென்ட் மெயினையே இறக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஆகவே தினமும் காலையில் சர்வர் புதிதாகப் பிறக்கும். வாரத்தில் மூன்று நாளாவது பெயர் மாறிப் பிறக்கும். வாங்க வேண்டியது கொடுக்கப் பார்க்கும். கொடுக்க வேண்டியது வாங்கப் பார்க்கும். யாருக்கும் எதுவும் கிடைக்காது.

அந்த நாள்களில் வளர்மதி அவனுக்கு போன் செய்வாள். வகுப்பு ரெப் என்ற முறையில்.

"டேய், மறுபடி மாறிக்கிச்சு. வா."

மெஸ்ஸில் பொங்கலை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். லேப் வராண்டா வந்ததும் நடப்பான். சர்வருக்குப் பின்னால் குனிந்து இரண்டு ஒயர்களை இடம் மாற்றிக் குத்துவான். பத்து விநாடி வேலை.

பத்து நிமிடம் செய்வான்.

அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

பெயர் மாறாத நாள்கள் அவனுக்கு ஆகாத நாள்கள்.

ஒரு கோப்பில் இரண்டே வரி எழுதினால் போதும். இந்தக் கார்டுக்கு இந்தப் பெயர், அந்தக் கார்டுக்கு அந்தப் பெயர் என்று ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். இது அவனுக்கு முதல் வாரமே தெரியும்.

அந்தக் கோப்பு இருக்கும் திசையில் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஜெரால்டுக்கு அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. போன புதன்கிழமை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டான். ஹெச்.ஓ.டி. வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

வளர்மதி ஏழு தடவை தட்டினாள்.

"ரெண்டு மாசமா நீ ஒயரை மாத்தி மாத்திக் குத்திட்டு இருந்தியாமே மச்சான்?" என்று ஜெரால்டு முதுகில் தட்டிக் கேட்டது தனி.

வியாழன் போன் வரவில்லை. வெள்ளியும் இல்லை. இன்று திங்கள். யாரும் கூப்பிடாமலே எட்டரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

பத்தாவது முறை அணைக்கக் கை வரவில்லை. ஜெரால்டு எழுதியதில் ஒரு பிழையாவது இருக்காதா என்று கோப்பைத் திறந்தான்.

இரண்டு வரி. பிழை இல்லை.

மேலே சில குறிப்புகள். சர்வரில் கைவைப்பவர்கள் தேதி, பெயர், காரணம் மூன்றையும் அந்தந்தக் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது ஹெச்.ஓ.டி. போட்ட சட்டம். மார்ஜின் கோணலாக இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டைத் திருப்பி எறிகிற மனிதர். யாரும் மீறுவதில்லை.

ஜூலை 11. வளர்மதி. இரண்டு வரி சேர்த்தேன். காரணம்: கார்டுகளின் பெயர் மாறுகிறது.

ஜூலை 18. வளர்மதி. இரண்டு வரிகளுக்கும் முன்னால் # போட்டு நிறுத்தி வைத்தேன். காரணம்: சொந்தக் காரணம்.

செப்டம்பர் 10. ஜெரால்டு. # இரண்டையும் எடுத்தேன். காரணம்: யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள்.

அவன் நடுவில் இருந்ததை மட்டும் மறுபடி படித்தான்.

ஜூலையில் அந்த ஒரு வாரம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு நாள்கூட மாறவில்லை. மெஸ்ஸில் யாரிடமும் பேசாமல் தட்டைக் காலி செய்த வாரம்.

ஜெரால்டு அழித்தது இரண்டே இரண்டு குறி. அதற்கு வகுப்பே கைதட்டியிருக்கிறது.

அவன் இரண்டு வரிகளுக்கும் முன்னால் # போட்டான். அடுத்த முறை சர்வர் பிறக்கும்போதுதான் அது வேலை செய்யும்.

சட்டப்படி தேதி எழுதினான். பெயர் எழுதினான்.

காரணம் என்று எழுதி, நிறுத்தினான்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

"நெட் வருதா?" வளர்மதி.

"இல்ல."

மூலையில் ஜெரால்டு, முகம் தெரியாத யாரோ ஒருவனின் காயை வெட்டிவிட்டு மேசையைத் தட்டினான். திரையில் பகடை உருண்டுகொண்டிருந்தது.

வளர்மதி அதைப் பார்த்தாள். அவன் திறந்து வைத்திருந்த கோப்பைப் பார்த்தாள். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. மெதுவா பாரு."