நடுவில் ஒரு பெரியவர்

"எத்தனை தடவை சொல்றது? நடுவுல ஒரு ஆளையாவது விட்டு நில்லுங்களேன்!"

மனைவி பல்லைக் கடிக்க, கணவன் பின்னால் நின்ற பெரியவரை முன்னே விட்டுப் பின்வாங்குகிறான். குழந்தையின் பால்பவுடர் இன்று ஒருநாள் மட்டும் பாதி விலை. ஆனால் குடும்பத்துக்கு ஒரு கூப்பன்தான். அதனால் ஆளுக்கொரு கூப்பனும் டின்னுமாக இருவரும் முன்பின் தெரியாதவர்களாக வரிசையில் நிற்கிறார்கள். குழல்விளக்கின் வெளுத்த ஒளியில், அவள் விரலிடுக்கில் கூப்பனின் ஓரம் வியர்வையில் நனைந்து சுருள்கிறது. பில் இயந்திரம் கீச்சிடுகிறது. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தலையைத் தூக்குகிறது. பெரியவரைத் தாண்டி அவனைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டித் துள்ளுகிறது. அவன் சட்டென்று கூரையைப் பார்க்கிறான். குழந்தை வீறிடுகிறது. பில் போடும் பெண்ணின் விரல்கள் நிற்கின்றன.

"சார், பாப்பா உங்களத்தான் கூப்பிடுது போல."

"எந்தப் பாப்பா?" என்கிறான் அவன், கூரையிடம்.

கடை முழுக்கக் கேட்கும் அழுகையில் இப்படி ஒரு கேள்வி. அவள் ஒரு கணம் கண்களை இறுக மூடித் திறக்கிறாள். திமிறும் குழந்தையை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, மறுகையால் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிப் பார்க்கிறாள், அது அசையவில்லை. கடைசியில் திரும்பி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவனிடம் கேட்கிறாள்.

"அண்ணே, பர்ஸை எடுக்கணும். பாப்பாவ ஒரு நிமிஷம் பிடிக்கிறீங்களா?"