ஐந்து ஃபிரிட்ஜ் வீடு

"ஃபிரிட்ஜா? அதெல்லாம் காஸாக்காரங்களுக்கு மகளே. எங்களுக்கு ஏது?"

மிலூதா கையை விரித்தாள். கணக்கெடுக்க வந்த விதாத் டேப்லெட்டில் 'இல்லை' என்று தட்டினாள்.

'காஸா' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பெருநகரமான காஸாபிளாங்காவில் யாருக்கு எவ்வளவு வருமானம், இந்த மிதெல்த் போன்ற சிற்றூர்களில் எவ்வளவு என்று ஒப்பிடும் கணக்கெடுப்பு. அரசின் மாத உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும் என்பதும் இதை வைத்துத்தான். குலுக்கலில் விழுந்த வீடுகளுக்கு நேற்றே தகவல் போயிருந்தது.

"டிவி?"

"எங்களுக்கு வானம்தான் டிவி."

இதுவரை பார்த்த நான்கு வீடுகளிலும் இதே பதில்தான். விதாத் சிரித்தாள்.

"காஸாவுல ஒரே தெருவுல ஒருத்தன் கப்பல் மாதிரி கார் வச்சிருப்பான். எதிர்வீட்டுக்காரன் பஸ்சுக்குக் காசில்லாம நடப்பான். இங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்களே!"

"எங்களுக்குள்ள ஒத்துமை அதிகம்" என்றாள் மிலூதா.

பட்டியலின் கடைசி வீடு பூட்டியிருந்தது. பூட்டியிருந்தால் அடுத்த வீடு என்பது விதி.

"அங்க வேணாம்மா! யாம்னா ஒரு மாதிரி. கடிச்சுருவா!" மிலூதா பின்னாலேயே ஓடி வந்தாள். அதற்குள் விதாத் கதவைத் தட்டிவிட்டாள்.

யாம்னா கதவைத் திறந்தாள். விதாத் உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் ஐந்து ஃபிரிட்ஜ். கட்டில்மேல் நான்கு டிவி.

"எல்லாம் உங்களுதா, சின்னம்மா?"

யாம்னா வாசலில் நின்ற மிலூதாவை ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா. எனக்குச் சூடு ஆகாது."

"நாலு டிவி?"

"சேனல் மாத்தச் சோம்பல்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆப்பிள் தோட்டத்துல கூலி."

காஸாவின் மொத்த ஏற்றத்தாழ்வும் இந்த ஒரு தெருவில் இருக்கிறதே என்று விதாத் வியந்தாள்.

"இவ்வளவு வசதி இருந்தா உதவித்தொகை வராது சின்னம்மா. பரவாயில்லையா?"

மிலூதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுதிக்கோ. அவங்களுக்காவது கிடைக்கட்டும்" என்றாள் யாம்னா.

விதாத் 'ஐந்து' என்று தட்டப் போனாள். டேப்லெட் இரண்டு தடவை கத்திவிட்டு அணைந்தது.

"ஐயோ, சார்ஜ் தீந்துபோச்சு. பதிவாகலையே. பிளக் எங்க இருக்கு?"

விதாத் சுவர் முழுக்கத் தேடினாள். ஐந்து ஃபிரிட்ஜின் ஒயர்களும் தரையில் சுருண்டு கிடந்தன. மாடத்தில் பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று இருந்தது.

யாம்னா மெதுவாகச் சொன்னாள்: "இந்த வீட்டுக்கு இன்னும் கரண்டே வரலை மகளே."