கை தூக்கியவர்

ஞாயிற்றுக்கிழமை போர் விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் குண்டு பட்டவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, டீ குடித்துவிட்டு மறுபடி ஆடப் போவார்கள். வசுமதியின் கணவன் செழியனுக்கு அது சலித்துவிட்டது. செத்தால் செத்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லி முழுப்போர் ஆட்டத்தில் சேர்ந்தான். அங்கே குண்டு பட்டவன் ஐந்து வருடத்துக்கு வீட்டுக்கும் செத்தவன்தான்; போனில்கூடப் பேசக் கூடாது. விளையாட்டுதானே என்று வசுமதியும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவன் கிளம்பிப் போன மறுநாளே சீருடை அணிந்த ஒரு பெண் வந்து, அவனுடைய வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"சார் இறந்துட்டாரு மேடம்."

வசுமதி சாவியை வாங்கிக்கொண்டாள். "யாரு சுட்டது?"

"அதெல்லாம் பதிவாகாது. குண்டு பட்டா மத்தவங்களுக்குத் தெரியாது. பட்டவங்களே கையத் தூக்கிச் சொல்லணும். அந்த நேர்மையை நம்பித்தான் ஆட்டமே நடக்குது. சாரும் தூக்கினாரு."

"எங்க வச்சு?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"முகாம் வாசல்லயே. எதிரணி பஸ் நாளைக்குத்தான் மேடம் வருது."