விருந்துக்கு வந்த பஸ்

"பஸ் வருது! முன் சீட்ல மூப்பர் லியாவ்!"

தெருமுனையில் நின்ற பெண் கத்தியதும் பந்தலுக்குள் ஒரே சலசலப்பு.

தே-மிங் கையிலிருந்த வெடிச்சரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவன் அக்கா யுன்-ஷிக்கு இன்று கல்யாணம். அவள் கைபிடித்தது பெய்-ரூ என்ற பெண்ணை. காலையில் தைவானின் தைனான் நகரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பகல் விருந்து இங்கே, தெருவை அடைத்துப் போட்ட சிவப்புப் பந்தலில்.

சட்டம் சரி என்றுவிட்டது. யுன்-ஷி போகும் கிறிஸ்தவ சபைதான் சொல்லவில்லை. ஆலயத்துக்குள் இந்தக் கல்யாணத்தை நடத்தலாமா என்று சபைக் கூட்டம் போட்டார்கள். கூடாது என்று நாற்பத்து மூன்று பேர் கை தூக்கினார்கள். நடத்தலாம் என்று முப்பத்தெட்டு பேர்.

கூடாது என்று முதலில் எழுந்த கை சபைப் பெரியவரான மூப்பர் லியாவுடையது.

அப்படியும் யுன்-ஷி சபையில் ஒருத்தர் விடாமல் அழைத்தாள். எட்டு மேஜை ஒதுக்கினாள்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். பெய்-ரூவின் சொந்தக்காரர்கள் எப்போதோ வந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சபையின் எட்டு மேஜையும் காலி; நடத்தலாம் என்று கை தூக்கியவர்கள்கூட வரவில்லை. அந்த ஊரில் விருந்தில் ஒரு மேஜை காலியாகக் கிடந்தாலே பத்து வருஷம் பேசுவார்கள்.

"அந்தக் கிழவர்தான் எல்லாரையும் மிரட்டி வெச்சிருக்கார்" என்று தே-மிங் காலையிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தான். இப்போது ஆள் திரட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்!

சமையல்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சண்டைன்னா முன்னாடியே சொல்லிடு தம்பி, சூப்பை மூடி வெச்சுடறேன்!"

பஸ் கதவு திறந்தது. கோட்டும் டையுமாக மூப்பர் இறங்கினார்.

தே-மிங் குறுக்கே நின்றான். "இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்காதீங்க."

"நாற்காலி இருக்கா தம்பி?"

"எதுக்கு? மேல ஏறி நின்னு பிரசங்கம் பண்ணவா?"

"உக்காரத்தான். முட்டி வலிக்குது."

வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யுன்-ஷி வேகமாக வந்தாள்.

"நீ தள்ளு தே-மிங். மூப்பரே, நேராவே கேக்கறேன். மனசு மாறிட்டீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்குக் கூட்டம் போட்டாலும் அதே கையைத்தான் தூக்குவேன். பொய் சொல்லிட்டு உன் வீட்டு விருந்தைச் சாப்பிட எனக்குப் பிடிக்கலை."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

மூப்பர் ஒருமுறை பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். எல்லா ஜன்னலிலும் முகங்கள்.

"அந்தக் கூட்டம் முடிஞ்சு பதினோரு ஞாயிறு ஆச்சு. ஒரு வாரம்கூட நீ வராம இருக்கலை. எங்களுக்குப் பியானோ வாசிச்சே. ஆராதனை முடிஞ்சதும் எங்க மேஜைக்கே வந்து நூடுல்ஸ் சாப்பிட்டே. என் கிண்ணம் காலியானா நீதான் நிரப்பினே. 'அந்தப் பொண்ணு நம்மளோட உக்காந்து சாப்பிடுது, நாம அவளோட உக்காந்து சாப்பிடக் கூடாதா?'ன்னு இன்னிக்குக் காலையில என் வீட்டுக்காரி கேட்டா. உடனே கோட்டை மாட்டிட்டுக் கிளம்பிட்டேன்."

"அதான் இவ்வளவு லேட்டா?" என்றான் தே-மிங், குரலில் இன்னும் சூடு குறையாமல்.

"ஆலய வாசல்ல ஒரு மணி நேரம் வாக்குவாதம் தம்பி. கை தூக்கின நாப்பத்தி மூணு பேர்ல மூணு பேர் வரவே மாட்டேன்னுட்டாங்க. மீதி நாப்பது பேரும் பஸ்ல வந்திருக்கோம்."

யுன்-ஷியின் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க கை தூக்கினது எனக்கு வலிச்சது மூப்பரே. இன்னும் வலிக்குது."

"தெரியும்மா."

யுன்-ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணுவீங்களா?"

"கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பாட்டுக்கு ஜெபம் பண்றேன். அதுக்கு யாரும் ஓட்டு எடுக்கலை."

பின்னாலிருந்து பெய்-ரூ சிரித்துவிட்டாள். "அப்ப நீளமாவே பண்ணுங்க. சமையல் இன்னும் ஆகலை!"

"யாரு சொன்னது ஆகலைன்னு?" சமையல்காரம்மா கரண்டியால் அண்டாவைத் தட்டினாள்.

அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து ஆட்கள் தபதபவென்று இறங்கினார்கள். மேஜைக்குப் பத்துப் பேராக நாலு மேஜை நிமிஷத்தில் நிறைந்தது. யாரோ வெடிச்சரத்தைக் கொளுத்திவிட, தெருவே அதிர்ந்தது. பெய்-ரூவின் சொந்தக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யுன்-ஷி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தே-மிங் தானே ஒரு நாற்காலியைத் துடைத்து மூப்பருக்குப் போட்டான். அவரைப் பற்றி என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று காது சுட்டது.

சமையல்காரம்மா அவனிடம் வந்தாள். "தம்பி, மீதி நாலு மேஜை காலியாத்தானே கிடக்கு? மடக்கிடட்டுமா?"

மூப்பர் பதறி எழுந்தார்.

"ஐயையோ, தொடாதீங்கம்மா! கல்யாணத்தை நடத்தலாம்னு கை தூக்கின முப்பத்தெட்டு பேருக்கு இடம் வேணாமா? நாங்களே வந்துட்டோம், அவங்க வராம இருப்பாங்களா?"