அக்கி எழுதும் இறகு

மகளின் உதட்டோரத்தில் தேன் வழிந்து காய்ந்ததுபோலப் பொருக்கு. இது அக்கியில்லை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் கிருமி என்றாள் நர்ஸ். அவள் சொன்னபடியே செண்பகா களிம்பு தடவினாள், துண்டைத் தனியாக வைத்தாள், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். மாமியார்தான் கேட்கவில்லை. “காவி எழுதாம அக்கி எறங்குமா?” என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பானை செய்கிற வேளார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

வேளார் கொட்டாங்குச்சியில் குழைத்திருந்த காவியைக் கோழி இறகால் தொட்டு, பொருக்கின்மேல் சிங்கம் வரைந்தார். பொருக்கு உடைந்து நீர் கசிந்தது. இறகு மறுபடியும் கொட்டாங்குச்சிக்குள் போனது.

அடுத்து நின்றவள் கைக்குழந்தையை நீட்டினாள். “இவனுக்கு வெறும் வேர்க்குருதான். எதுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுங்கய்யா.”

“அக்கா, அந்த எறகு...” என்று செண்பகா தொடங்கினாள். மாமியாரின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

“வாய மூடு,” என்றாள் காதோரமாக. “ஒட்டிக்கிற நோயின்னு தெரிஞ்சா நம்ம புள்ளைய ஒருத்தி பக்கத்துல சேப்பாளா?”

செண்பகா மூடிக்கொண்டாள். கன்னத்தில் ஈர இறகு பட்டதும் குழந்தை கூசிச் சிரித்தது.