கலைத்துப் போடுகிறவள்

மாசிலாமணி ஐயா வீட்டைக் கலைத்துப் போடுவதுதான் என் வேலை.

மனைவி இறந்த பிறகு துவைப்பது, துலக்குவது, பெருக்குவது எல்லாவற்றையும் இயந்திரங்களே செய்ததால், அவர் கட்டிலை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். டாக்டர் இயந்திரங்களை அணைக்கச் சொல்லி, மருந்துச் சீட்டில் என்னை எழுதிக்கொடுத்தார்.

தினமும் காலை எட்டு மணிக்குப் போவேன். மடித்த துணிகளை உதறிப் போடுவேன். துலக்கிய பாத்திரங்களில் கரி பூசுவேன். கூடத்தில் அவர் கட்டிலடி வரை ஒரு முறம் மணலைக் கொட்டிவிட்டு வந்துவிடுவேன். முதல் வாரம் அந்த மணலை மிதித்துக்கொண்டே நடந்தார். மூன்றாம் வாரம்தான் வாய் திறந்தார்.

"கட்டிலுக்கு அடியில கொட்டாதம்மா. குனிஞ்சு பெருக்க முடியல."

இன்று போனபோது சவரம் செய்து, சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். கூடத்தில் ஒரு பொட்டு மணல் இல்லை. மேசையில் இரண்டு டம்ளர் காபி.

"ஆறிடப் போவுது, குடி. அப்புறமா உன் மணலக் கொட்டு."

குடித்துவிட்டுக் கைபேசியில் டாக்டருக்கு அனுப்பும் படிவத்தைத் திறந்தேன். 'குணமானார்' என்று குறித்தால் நாளை முதல் நான் வர வேண்டியதில்லை. எனக்கு ஒதுக்கியிருப்பது இந்த ஒரு வீடுதான். என் வீட்டில் எல்லாவற்றையும் இயந்திரங்கள் செய்துவிடுகின்றன.

"நாளைக்கும் எட்டு மணிதான? பால் வாங்கி வைக்கணும், அதான் கேக்கேன்."

"ஆமாய்யா, எட்டு மணிதான்" என்றேன்.

'முன்னேற்றம் இல்லை' என்பதை அழுத்திவிட்டு, மணலை எடுக்கப் போனேன்.