புளியங்கட்டையும் பெரிய எஞ்சினும்

விறகுக் கொட்டகையில் ஒரு புளியங்கட்டை கிடந்தது. அதைப் பிளக்கப் போன கோடாலிக்குக் காம்பு ஒடிந்து, புதுசு போட வேண்டியதாயிற்று. அறுக்கப் போன மெஷின் ரம்பம் பாதியில் சிக்கி, புகை கக்கி நின்றுவிட்டது. முதலாளி ரம்பத்தைப் பட்டறைக்குத் தூக்கிப்போய், எஞ்சினைப் பெரிசாக்கி, நீளமான பிளேடு மாட்டிக்கொண்டு வந்தார்.

"திரும்ப வந்துட்டியா?" என்று சிரித்தது கட்டை. "இந்தத் தடவையும் சிக்கினா உன்னைப் பழைய இரும்புக்குத்தான் போடுவாங்க."

"பேசாம நேரா படு," என்றது ரம்பம்.

முதலாளி எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்தார். ரம்பம் போட்ட உறுமலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கோழிகள் வேலியைத் தாண்டி ஓடின. முன்பு சிக்கிய அதே இடத்தில் ரம்பம் கொஞ்சம் திணறியது.

"விடாதே தம்பி!" என்று கத்தியது மூலையில் சாக்கிலிருந்து எட்டிப் பார்த்த கோடாலி.

மரத்தூள் மழையாய்ப் பறக்க, கட்டை இரண்டாக விழுந்தது.

"அடேயப்பா!" என்றன இரண்டு பாதிகளும்.

ரம்பம் அதோடு நிற்கவில்லை. முதலாளியும் நிறுத்தவில்லை. வேப்பங்கட்டை, தென்னந்துண்டு, உடைந்த கட்டில் எல்லாம் விறகாகிக் கூரையைத் தொட்டன.

"இவ்வளவும் யாருக்குத் தம்பி? வீட்ல சமையல் கேஸ்லதானே?" என்றது கோடாலி.

"எரிக்கிறதைப் பத்தி எனக்கென்னக்கா? என் சத்தத்தைக் கேட்டியா? இன்னும் ஏதாவது மரம் இருக்கா?"

கோடாலி தன் புதுக் காம்பை மெல்லச் சாக்குக்குள் இழுத்துக்கொண்டது.